முன்னால் நடந்தவர் என் மச்சான்

கொள்ளிடக் கரையில் நாங்கள் ஒன்பது பேர் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். எல்லாருக்கும் முன்னால் என் மச்சான் ஞானசேகரன், கையில் தடியோடு. அவர் இடது பக்கம் பார்த்தார். பிறகு வலது பக்கம் பார்த்தார். நாங்கள் எட்டுப் பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. பனி முழுக்க விலகவில்லை. கரைக்குக் கீழே அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. எங்கிருந்தோ ஈர வைக்கோல் வாசனை வந்தது.

"எந்தப் பக்கம் மச்சான்?" என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம்.

அவர் தடியை ஊன்றி வலது பக்கம் மதகடியில் இறங்கினார். நாங்களும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். வாய்க்காலில் கணுக்கால் அளவு தண்ணீரும் அதற்குக் கீழே நல்ல சேறும் இருந்தன.

அது தப்பான மதகு.

நடராஜா சர்வீஸ்

போன வாரம் இதே பத்தியில், பிச்சாவரத்தில் படகு ஏறிய கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "நடக்குற கூட்டத்துக்குப் படகு எதுக்குய்யா?" என்று மடக்கினார். நியாயமான கேள்விதான். கால் இருக்கிற இடம்வரை கால், அதற்கு மேல் படகு என்று சொல்லி வைத்தேன்.

ஊரில் எங்களுக்கு 'நடராஜா சர்வீஸ்' என்று பெயர். நாங்களாக வைத்துக்கொண்டது இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்து டீக்கடையில் வைத்த பெயர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒரு கூட்டம் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பஸ் ஏறிப் போய், எங்காவது ஒரு கிராமத்தில் இறங்கி, வேலை வெட்டி இல்லாமல் வயலிலும் வாய்க்காலிலும் நடந்துவிட்டு வந்தால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஆரம்பித்தவர் ரோசலின் டீச்சர். அப்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற புதிது. என் மருந்துக்கடைக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வருவார். ஒரு நாள் மாத்திரைச் சீட்டை நீட்டிக்கொண்டே, "இதைத் தின்னுக்கினே இருக்கறதுக்கு நடந்தா என்ன?" என்றார். கடையில் நின்ற இன்னும் நாலு பேரிடமும் அதையே சொன்னார். என் வாடிக்கையாளர்களையே கூட்டிக்கொண்டு போய் என் வியாபாரத்தில் மண்ணைப் போட்ட புண்ணியவதி அவர். அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்ததைத்தான் என் மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறாள்.

துணிக்கடை ஜாபர் பாய் வந்தார். மீனவர் குப்பத்திலிருந்து அஞ்சலை வந்தாள். பத்திர எழுத்தர் ஒருவர், நர்ஸ் ஒருவர், வங்கிக்காரர் ஒருவர் என்று கூட்டம் பெருகியது. வேறு எந்த இடத்திலும் இத்தனை பேரும் ஒரு பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டோம். சண்டை இல்லாமல் இல்லை. தேர்தல் நேரத்தில் பத்திர எழுத்தரும் வங்கிக்காரரும் வரப்பிலேயே கைகலக்கப் பார்த்தார்கள். அன்றே டீச்சர் சட்டம் போட்டார்: தார் ரோட்டில் அரசியல் பேசலாம், வரப்பில் பேசக் கூடாது. வரப்பில் விழுந்தால் மிதிபடுவது ஊரான் பயிர் என்பது அவர் வாதம்.

மெதுவா போறவங்க முன்னாடி

எங்கள் சட்டங்களிலேயே பெரிய சட்டம், மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும் என்பது.

அது பிறந்த கதை வேடிக்கை. ஆரம்ப நாளில் கெடிலம் ஆற்றங்கரையில் நடந்தபோது, வேகக்காரர்கள் எல்லாம் பந்தயம் போல முன்னால் போய்விட்டார்கள். முழங்கால் வலியோடு டீச்சர் கடைசியில் தனியாக வந்தார். "இது என்னா ஸ்போர்ட்ஸ் டேயா? இல்ல மிட்டாய் குடுக்கறாங்களா அங்க?" என்று அவர் போட்ட சத்தத்தில் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவரே முன்னால் நின்றுகொண்டார். யாரும் அவரை முந்தக் கூடாது. அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். பின்னாலிருந்து அவசரப்படுத்தவும் கூடாது, வழி சொல்லவும் கூடாது.

இதோடு இன்னொரு வழக்கமும் ஒட்டிக்கொண்டது. வாரம் ஒருவர் டிபன் பொறுப்பு. அவர் எங்களோடு நடக்க மாட்டார். வண்டியில் முன்கூட்டியே போய் எங்காவது ஒரு மரத்தடியிலோ தெரிந்தவர் வீட்டிலோ சாப்பாட்டோடு காத்திருப்பார். எங்கே, என்ன சாப்பாடு என்பது பரம ரகசியம். வழியை மட்டும் முன்னால் நடப்பவர் காதில் சொல்லிவிட்டுப் போவார். மற்றவர்கள் கேட்கக் கூடாது. நடக்கும்போது செல்போனையும் அணைத்துவிட வேண்டும்.

சிரிக்காதீர்கள். இந்தச் சட்டத்தின் அருமையை நான் அஞ்சலையால் தெரிந்துகொண்டேன்.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் கடற்கரைப் பக்கம் நடக்கவே இல்லை. அஞ்சலையும் குப்பத்தை விட்டு உள்ளே தள்ளி வாடகைக்கு வந்துவிட்டாள். மீன் விற்றவள் காய்கறி விற்றாள். பிறகு ஒரு வாரம் அவளே, "நம்ம குப்பத்துப் பக்கம் போலாம் டீச்சர்" என்றாள். அன்றைக்கு அவள் கால்தான் எல்லாரையும்விட மெதுவாக எழும்பியது. அவளை முன்னால் விட்டோம். சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டாள். நாங்களும் நின்றோம். வெயில் ஏறியது. ஒருவரும் "வா போலாம்" என்றும் சொல்லவில்லை, "வேணாம், திரும்பிடலாம்" என்றும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. அப்புறம் அவளாக நடந்தாள். அலை காலில் படுகிறவரை நடந்தாள்.

அடுத்த மாதம் அவள் டிபன் முறை. சுறாப்புட்டு செய்து அதே கடற்கரையில் காத்திருந்தாள். அப்படி ஒரு சுறாப்புட்டை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

மூன்று முறை கூப்பிட்டவர்

இனி மச்சான் கதை. என் தங்கை அமுதாவின் வீட்டுக்காரர். கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். வழக்குக்காரர் பெயரை வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுகிற வேலை. அவர் கூப்பிட்டால் எதிர்ச்சாரி ஹோட்டலில் தோசையைப் பிய்த்துக்கொண்டிருப்பவன் கையைக் கழுவாமல் ஓடி வருவான். வீட்டிலும் அதே குரல்தான். கிரிக்கெட் பார்த்தால் தெருவுக்கே ஸ்கோர் தெரியும்.

பக்கவாதம் வந்து அந்த வாயைக் கோணலாக்கிவிட்டது. கால் ஓரளவு தேறியது. பேச்சும் வந்தது, ஆனால் குழறலாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. பயிற்சி கொடுத்தால் இன்னும் தேறும், பேசவிடுங்கள் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. யாரோ தெரியாதவர். மச்சான் எடுத்து, "யாரு?" என்று கேட்டார். அந்தப் பக்கத்து ஆள், "காலையிலயே ஊத்திக்கினியா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

மச்சானும் போனை வைத்தார். அதோடு வெளியாட்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அமுதாவிடம் மட்டும் ரெண்டொரு வார்த்தை. யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். என்னிடம்கூட, 'மச்சான் மச்சான்' என்று வாய் ஓயாமல் கிண்டலடித்த மனுஷன், தலையை மட்டும் ஆட்டுவார். பேசாத நாக்கு மேலும் மேலும் மரத்துக்கொண்டே வந்தது.

அமுதா கடைக்கு வந்து அழுதாள். "அண்ணே, ஒரே ஒரு தடவ உன் கூட்டத்தோட கூட்டிக்கினு போ. மனுஷாள் முகத்தப் பாக்கட்டும். அதுக்கும் சரிப்படலன்னா நான் விட்டுர்றேன். அப்புறம் அவரு ரூமு, அவரு கட்டிலு."

எப்படியோ சம்மதிக்க வைத்தோம். அந்தத் தை ஞாயிற்றுக்கிழமை அவரைக் குமராட்சிக்கு அழைத்துப் போனேன். எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர் அவர்தான். எனவே அவர்தான் முன்னால். அன்றைக்கு டிபன் ஜாபர் பாய் முறை. மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாய் அவர் காதில், கரையோடு போய் ரெண்டாவது மதகில் இறங்கி நேராக வந்தால் பள்ளிக்கூடம், அங்கே நான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு டிவிஎஸ்ஸில் பறந்துவிட்டார்.

முதல் மதகு காட்டாமணக்குப் புதரில் மறைந்து கிடந்தது. மச்சான் கணக்கில் அது வரவேயில்லை. வழியில் எதிர்ப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் கேட்பாரா? பின்னால் வந்தவர்களுக்கோ வழியே தெரியாது.

பந்தல் போட்ட வீடு

சேற்றுக் காலோடு ஊருக்குள் நுழைந்தோம். முதல் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் சின்னதாய்ப் பந்தல் போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரிய கோலம். எண்ணெய்ச் சட்டியில் பஜ்ஜி பொரியும் மணம். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் ஓடி வந்து கும்பிட்டார்.

"வாங்க, வாங்க. கடலூர்லேர்ந்து தானே?"

"ஆமாங்க" என்றார் டீச்சர்.

"என்னாங்க நடந்து வர்றீங்க? வண்டி வரலீங்களா?"

"எங்களுக்கு எப்பவும் நடைதாங்க!"

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு, "எளிமையான மனுஷாள்" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். கால் கழுவ அண்டாவில் தண்ணீர் வந்தது. பன்னீர் தெளித்தார்கள்.

பத்திர எழுத்தர் என் காதில், "பாய் கலக்கிட்டாருய்யா. பந்தலே போட்டுட்டாரு" என்றார். பாய் உள்ளே அடுப்படியில் நின்று மேற்பார்வை பார்க்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ரகசியத்தைக் கேட்கக் கூடாதே! கேசரி வந்தது. வாழைக்காய் பஜ்ஜி, வெங்காய பஜ்ஜி, கெட்டிச் சட்னி. நடந்த பசி. வங்கிக்காரர் இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டினார். வெள்ளை வேட்டிக்காரர் முகம் மலர்ந்து இன்னும் இன்னும் என்று வைத்தார். மாப்பிள்ளையைக் காணோமே என்று கேட்க அவருக்கும் கூச்சமாக இருந்ததாம், பிறகு சொன்னார்.

மச்சான் மட்டும் பந்தலுக்கு வெளியே, வேலி ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடும்போது கடைவாயில் ஒழுகும், நாலு பேர் எதிரில் வேண்டாம் என்பது அவர் எண்ணம். பள்ளிக்கூடத்தைக் காணோமே என்று அவருக்கு உறுத்தியதாம்; அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக, காப்பித் தட்டோடு வந்து டீச்சர் எதிரில் நின்றாள். தட்டை வைத்துவிட்டு டீச்சர் காலில் விழுந்து எழுந்தாள்.

டீச்சர் கையிலிருந்த பஜ்ஜி அப்படியே நின்றது. "எம்மா... இன்னைக்கு என்னா விசேஷம் உங்க வீட்ல?"

"என்னைப் பொண்ணு பாக்கத்தானே வந்திருக்கீங்க?" என்றது அந்தப் பெண்.

ஜாபர் பாயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. தரகர் வழியாக வந்த வரனாம், மாப்பிள்ளை வீட்டாரில் யாரையும் இவர்கள் நேரில் பார்த்ததில்லை. டீச்சர் எழுந்தார். நாங்கள் எல்லாரும் எழுந்தோம். சங்கதியைக் கேட்ட பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உட்காருங்க அத்த. காப்பி ஆறிடும், குடிச்சிட்டு அப்புறம் எழுந்திருங்க." தமிழரசி என்று பெயராம். தங்கமான பெண்.

வேன்

தெருவில் ஹாரன் கேட்டது. அசல் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்துவிட்டார்கள். தெருமுனைக் குழாயடியில் நின்ற ஒரு அம்மாள், "மாப்ள வூட்டுக்காரங்க அப்பவே வந்து சாப்டுக்கினு இருக்காங்களே, நீங்க யாரு?" என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை அவருக்கு.

வேனிலிருந்து ஒரு தலை நீண்டது. பந்தலில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்த எங்களை ஒரு பார்வை பார்த்தது. "ஒரே நாள்ல ரெண்டு வூட்டுக்காரன வரச் சொல்லுவானா? எவ்ளோ கொழுப்பு! திருப்புய்யா வண்டிய!"

வெள்ளை வேட்டிக்காரர் பதறி ஓடினார். ஓடிய வேகத்தில் கால் கழுவிய ஈரத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, சம்பந்தி பன்னீர்செல்வம் போறாரே! எம்பொண்ணு பேரு கெட்டுப் போயிடுமே!" என்று அவர் கத்தியது வேனுக்குக் கேட்கவில்லை. அது தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

வேலி ஓரத்து நாற்காலி சரிந்தது. மச்சான் எழுந்து நின்றார்.

"பன்னீர்...செல்வம்!"

குழறல்தான். ஆனால் என்ன குரல்! வைக்கோல் போர் மேல் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"பன்னீர்செல்வம்!... பன்னீர்செல்வம்!"

வேன் நின்றது. பன்னீர்செல்வம் கான்டிராக்ட் வேலை செய்கிறவராம், கோர்ட்டு வாசலைப் பார்த்தவர். "அந்தக் குரலக் கேட்டதும் வாய் தானா வண்டிய நிறுத்தச் சொல்லிச்சு" என்று பிற்பாடு அவரே சொன்னார்.

மச்சான் தடியை ஊன்றி வேனை நோக்கி நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம், பழக்க தோஷத்தில் வரிசையாகவே. பன்னீர்செல்வம் இறங்கி நின்றார். மச்சான் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. உதடு துடித்தது.

"என்னாய்யா, குடிச்சிருக்கிறானா இந்த ஆளு?" என்றார் பன்னீர்செல்வம்.

போச்சு, இத்தோடு இந்த மனுஷன் கட்டிலில் போய் விழுந்துவிடுவார் என்று நினைத்தேன். நான் பேசிவிடலாம் என்று முன்னால் பாய்ந்தேன். பின்னாலிருந்து டீச்சர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"முந்தாத!"

அத்தனை பேரும் நின்றோம். ஒருத்தர்கூட அவருக்குச் சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. அஞ்சலை முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்...ல" என்றார் மச்சான். "பக்க...வாதம்."

எச்சிலை விழுங்கினார். சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பு... என்னுது. இவுங்க மேல... ஒரு தப்பும்... இல்ல. நாங்க... நடக்குறவங்க. நான்... மதகு மாறி... எறங்கிட்டேன். இவுங்க எல்லாம்... என்னை நம்பி... பின்னாடியே... வந்துட்டாங்க." மூச்சு வாங்கினார். "வந்து... உங்க பஜ்ஜிய... தின்னுட்டாங்க."

வேனுக்குள் முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மா. அப்புறம் மாப்பிள்ளை. பன்னீர்செல்வம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "மன்னிச்சிக்குங்கண்ணே, தெரியாம சொல்லிட்டேன்" என்று மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் செல்போனை உயிர்ப்பித்துப் பாயைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்து வாசலில் தேவுடு காத்துக்கொண்டிருந்தவர், இடியாப்பத் தூக்கும் குருமாவுமாக டிவிஎஸ்ஸில் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஜாபர் பாய் வீட்டு இடியாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத்தான் பெண்ணைப் பார்த்தார்கள். எங்கள் கூட்டத்துப் பெண்கள் பரிமாறினார்கள். பேச்சு முடிந்து, பிற்பாடு சிதம்பரத்திலேயே கல்யாணமும் நடந்தது.

உலகத்தில் எத்தனையோ சங்கம் இருக்கிறது, சால்வை போடுகிறது, போட்டோ பிடிக்கிறது. ஒரு மனுஷன் சொல்லத் திணறும்போது அவன் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்த கூட்டத்தை நான் இது ஒன்றைத்தான் பார்த்தேன்.

புதுச்சத்திரம்

அன்றைக்குத் திரும்பும்போது சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினோம். மச்சானுக்கு ஜன்னல் ஓரத்துக்குப் பக்கத்து சீட் கிடைத்தது. ஜன்னல் ஓரத்தில் மடியில் மஞ்சள் பையோடு யாரோ ஒரு பெரியவர். நான் அவர்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

பெரியவர் மச்சானின் வேட்டியைப் பார்த்தார். "என்னாங்க, எங்கேர்ந்து வர்றீங்க, இவ்ளோ சேறு?"

மச்சான் தலையாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காலை...யில... மினி பஸ்ல... எறங்குனோம்..."

ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்துவிட்டார்! மதகைச் சொன்னார், புதரைச் சொன்னார், கோலத்தைச் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மைல் தூரம். பெரியவர் திரும்பி உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கடைக்காரன், ஐம்பது தாண்டியவன், பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன். துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வேன் வந்து நிற்கிற கட்டத்தில் பஸ்ஸும் நின்றது. "புதுச்சத்திரம்! புதுச்சத்திரம் யாருப்பா எறங்கறது?" என்று கண்டக்டர் கத்தினார்.

பெரியவர் எழுந்தார். மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ரைட் போப்பா, நான் ஆலப்பாக்கத்துல எறங்கிக்கிறேன்" என்று கண்டக்டருக்குக் கை காட்டிவிட்டு, "நீங்க சொல்லுங்க. வேன் நின்னுச்சா, போயிடுச்சா?" என்றார்.

மச்சான் அவசரப்படவில்லை.

"இருங்க..." என்றார். "சொல்றேன்."